உள்ளங்கை அளவில் பங்கஜவல்லி

ஆக்சிலியாவின் புருஷனுக்கு ராணுவ வேலை. ஜெய்ப்பூரில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சிற்றோவியம் பழகிக்கொண்டாள். இப்போது காரைக்காலில் பகலெல்லாம் ஜெராக்ஸ் கடை, மீதி நேரம் படம். நுனியில் ஒரே மயிர் நிற்கிற தூரிகை அவளுடையது. சட்டம் போட என்னிடம்தான் வருவாள்.

சாமி படத்துக்குச் சட்டம் அடித்தே வயசானவன் நான். எந்தப் படத்தைப் பார்த்தும் வாய் பிளந்ததில்லை. அவள் முதலில் கொண்டுவந்தது ஒரு ராத்திரித் திருவிழாப் படம்; அதில் எல்லார் முகமும் பளிச்சென்று இருந்தது.

"ராத்திரிங்கிற, இருட்டக் காணோமே?"

"நெலா இருக்கு, வெளக்கு இருக்கு. போதும்ணே."

அதை என் கடைச் சுவரில் பார்த்துத்தான் வரிச்சிக்குடி அம்பலவாணன், செத்துப்போன மனைவி பங்கஜவல்லியை வரையச் சொன்னார். நாளைக்கு அவளுடைய முதல் வருஷத் தெவசம். படத்தை வைத்துப் படைக்க வேண்டும். இன்று கடைக்கு வந்து பார்த்தவருக்கு முகம் சுண்டிப்போனது.

"என்னம்மா, பாதி மொகம்தான் இருக்கு? படையல்ல வைக்கிற படம் நம்மளப் பாக்க வேணாமா?"

"இந்த மொறையில பக்கவாட்டுலதான்யா எழுதுவாங்க."

"வேணாம்மா. ஆதார் போட்டோவையே பெருசு பண்ணிக்கிறேன்."

ஆக்சிலியா என் லென்ஸை எடுத்து நீட்டினாள். அவர் குனிந்தார், தோளுக்கு மேலே நானும் எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! உள்ளங்கை அகலத்தில் ஒரு வயல். கதிருக்குக் கதிர் மணி தனித்தனியாக நிற்கிறது. வரப்பில் தென்னை உயரத்துக்குப் பங்கஜவல்லி. அவள் முழங்கால் அருகே மண்வெட்டியோடு ஒரு சின்ன ஆள்.

"இது யாரு?"

"நீங்கதான்யா."

"என்னைய ஏன் இத்தனூண்டு போட்ட?"

"யாரு பெரியவங்களோ அவங்களத்தான் பெருசா எழுதணும்."

"வீட்டுலயும் அப்படித்தானே பெரியவரே?" என்றேன்.

"அதுல என்ன சந்தேகம்?" என்றவர் லென்ஸை விடவில்லை. "கொக்கு ஒண்ணுதான் நிக்கிது?"

"சோடியா நின்னா ரெண்டு பேரும் சேந்திருக்காங்கன்னு அர்த்தம்யா."

கொக்குக்குப் பக்கத்தில் இன்னொன்று நிற்க இடமிருந்தது. அங்கே தண்ணீர் மட்டும் சுழித்திருந்தது. அவர் லென்ஸை மெல்ல முகத்துக்கு நகர்த்தினார்.

"பொட்டு வைக்கலியே?"

"நீங்க பாத்த பெறகு வைக்கலாம்னு விட்டேன்."

"வை. நெத்தி நடுவுல வேணாம், கீழ. புருவத்த ஒட்டித்தான் வைப்பா."

ஆக்சிலியா மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகை நுனியால் தொட்டாள். நாங்களும் மூச்சு விடவில்லை. கடுகில் பாதிகூட இல்லாத சிவப்பு.

"அவதான்," என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் கண்ணாடி அறுக்க உட்கார்ந்தேன்.