வெள்ளாட்டுக்கும் வந்தாக

மாயக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஒரு ராஜ்யம் பிடிக்கவில்லையென்றால் இந்த அத்தியாயத்தில் கவிழ்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். எனக்கும் அந்தத் திமிர் இருந்தது. ஓடைப்பட்டியில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மூன்று சாம்ராஜ்யங்களைத் திருத்தியிருக்கிறேன். அதே அடுப்படியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மட்டும் கடைசிவரை திருத்த முடியவில்லை.

தொண்ணூற்றாறில் கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்தேன். முதல் வாரம், மாமனார் தோட்டத்திலிருந்து வருவதைப் பார்த்து, "மாமா வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தேன். நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வந்தாங்க, போனாங்க என்று சினிமாவில்தான் பேசுவார்களாம். இங்கே வந்தாக, போனாக. அதற்கப்புறம் ஆறு மாதம் வீட்டில் என் பெயரே திருச்சிக்காரி; நான் வாயைத் திறந்தாலே வேடிக்கை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, "இந்தா, வந்தாங்க வந்துட்டாங்க" என்று என்னைத்தான் அறிவிப்பார்கள். சிரித்துக்கொண்டே நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவேன். அப்புறம் வீம்புக்கென்றே கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொள்ள வேண்டியது அந்த 'ஆக'வை மட்டுமல்ல, அது யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்பதையும்தான். எந்த இலக்கணப் புத்தகத்திலும் அது இல்லை. மாமனார் வந்தாக. உரக்கடைக்காரர் வந்தாக. நேற்று வேலைக்குச் சேர்ந்த பேங்க் கிளார்க், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, அவரும் வந்தாக. பழம் வெட்ட வருகிற பெண்கள் மட்டும் வந்தா.

அந்தப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். என் மாமியாருக்கும் அவளுக்கும் ஒரே வயது. பந்தலில் எந்தக் கொடியை எந்தக் கணுவில் கவாத்து வெட்ட வேண்டும் என்று அவள் சொல்லாமல் மாமனார் கத்திரியைத் தொட மாட்டார். திருச்சியாக இருந்தால் அந்த வயதுக்கு, "அந்தம்மா வந்தாங்க" என்றுதான் எனக்கு வந்திருக்கும். வந்த புதிதில் அப்படிச் சொல்லவும் செய்தேன்; அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், "அத்தை, அவ வந்துட்டா" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் ஊர்க்காரி ஆனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பத்து வருஷம் கழித்து மூன்றாவது நாவல் எழுதினேன். அதில் ஒரு மலை, மலையில் ஒரு பூதம். ஊர் யாரை மரியாதையில்லாமல் பேசுகிறதோ அவர்களுடைய நிழலைப் பூதம் தின்றுவிடும். நிழல் போனவர்கள் தேய்ந்து தேய்ந்து காணாமல் போவார்கள். கடைசியில் ராணி ஒரு சட்டம் போடுகிறாள், இனிமேல் எல்லோருக்கும் 'ஆக' என்று. குப்பை அள்ளுகிறவர் வந்தாக. சூனியக்காரி வந்தாக. வெள்ளாடுகூட வந்தாக. தின்ன நிழல் கிடைக்காமல் பூதம் பட்டினி கிடந்து சாகிறது. அந்த அத்தியாயத்தை எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உலகத்தை மாற்றிய மும்முரத்தில் அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்தது.

சென்னைப் பதிப்பாளர் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார். மலை மக்களுக்கென்று நான் ஒரு தனி மொழியையே படைத்துவிட்டேனாம். 'வந்தாக', 'அங்கன', 'இங்கன' போன்ற கற்பனைச் சொற்கள் பிரமாதமாம். வாசகர்களின் வசதிக்காகப் பின்னால் ஓர் அகராதி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். வீட்டுக்காரர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, அப்படியானால் நம் ஊரில் இத்தனை நாளும் பூதங்கள்தான் குடியிருக்கிறோமா என்று கேட்டார். நான் அகராதி வேண்டாமென்று எழுதிப் போட்டேன். சொற்களை நான் படைக்கவில்லை என்று மட்டும் எழுதவில்லை. பாராட்டு வந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

எனக்கென்று பத்துப் பிரதிகள் வந்தன. சொந்தக்காரர்களுக்கு ஒன்பது போயின, ஒருவரும் படிக்கவில்லை. பத்தாவதை மாமனார் மோட்டார் ரூம் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்.

தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில், பழம் வெட்டும் பெண்களுக்குத் தலைவியான அவள் கூடலூர் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுவாள். அந்த வருஷமும் போய்விட்டுக் கவாத்துக்குத் திரும்பி வந்தாள். பந்தலுக்குக் கீழே நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மடியிலிருந்து என் நாவலை எடுத்து நீட்டினாள். மோட்டார் ரூம் பிரதிதான், அட்டையில் கிரீஸ் கறை. கேட்காமல் எடுத்துப் போனதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றாள். யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டேன். கேட்டதும் அவள் முகம் மாறியது. ராயப்பன்பட்டியில் எட்டாவது வரை படித்தவளாம். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

மோரைக் குடித்து முடித்துவிட்டு, கத்திரியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏலத்தோட்டத்துல என்னையச் சேச்சிங்கிறாக, தாயி. பாஷை தெரியாத சனம். ஒங்க கதையில வெள்ளாட்டுக்கே வந்தாகன்னு போட்டிருக்கீக. நான் மட்டும் வந்தா, போனாவா? ஒரு தடவ நீங்க சொல்லிக் கேக்கணும்."

சண்டைக் குரல் இல்லை. எனக்குச் சண்டையே தேவலை என்றிருந்தது. சண்டையென்றால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவள் கத்திரியோடு முற்றத்தில் வந்து நின்றாள். நான் வாசலில் இருந்தேன். அடுப்படிப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னேன்: "அத்தை, அவுக வந்துட்டாக."

உள்ளே தடபுடலாகிவிட்டது. வீட்டுக்காரர் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு, பொத்தான் போட்டபடியே நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். மாமியார் விருந்தாளிகளுக்கென்று பரணில் வைத்திருக்கும் டம்ளரில் காப்பியோடு வந்து, "யாருத்தா வந்திருக்காக?" என்று கேட்டார். மூன்று பேரும் தெருவைப் பார்த்தார்கள்.

அவளும் திரும்பித் தெருவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. மாமியாரிடம் சொன்னாள்: "என்னையத்தேன் சொல்லியிருக்காக."

மாமியார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். காப்பி ஆறப்போகிறது, குடி என்று நீட்டினார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே குடித்துவிட்டு, சீனி கொஞ்சம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். வீட்டுக்காரர் நாற்காலியை உள்ளே எடுத்துப் போனார். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் விடவில்லை. அந்தக் கவாத்து முடியும்வரை தினமும் சொன்னேன். பலன் இல்லாமல் போகவில்லை: வீட்டில் எனக்குத் திருச்சிக்காரி என்ற பழைய பெயர் திரும்ப வந்தது. வேறு எதுவும் மாறியதாக என்னால் சொல்ல முடியாது.

இதை எழுதி முடித்து ஒரு தரம் படித்துப் பார்த்தேன். மாமியார் பார்த்தார், நீட்டினார். மாமனார் எழுந்து நின்றார். அந்தப் பேங்க் கிளார்க்குக்குக்கூட 'அவர்' போட்டிருக்கிறேன். கத்திரியோடு வந்தவளுக்கு மட்டும் வரிக்கு வரி அவள், வந்தாள், நின்றாள், போனாள். வேண்டுமென்று செய்ததில்லை, கை அப்படித்தான் ஓடியிருக்கிறது. திருத்த அரைமணி நேரம் போதும். அப்புறம் நான் நல்லவள் மாதிரி இருக்கும். அதனால் திருத்தவில்லை.