நாலாம் எண் செப்பேடு

ஓர் எண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்று நானும் என் தோழியும் மூன்று வாரம் சண்டை பிடித்தோம். என் பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட நான் இவ்வளவு மினக்கெடவில்லை.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் இருக்கும் அரசர் காலத்துச் சாசனங்களை நாங்கள் இணையத்தில் பதிப்பிக்கிறோம். வாசிப்பது என் வேலை. கணினி, உடுவிலில் இருக்கும் தோழியின் வேலை. கணினிக்கு எண்ணை வெறும் எண்ணாகக் கொடுத்தால் போதாது. சாசனத்துக்குள்ளேயே வரும் எண்ணா, முன்பு யாரோ பட்டியல் போட்டபோது எழுதியதா, நாங்கள் இட்டதா என்று முன்னும் பின்னும் ஒரு குறிச்சொல்லால் அடைத்துக் கொடுக்க வேண்டும்.

சண்டைக்குக் காரணம், அரியாலையில் ஒரு ரீச்சர் தந்த செப்பேடு. தொண்டைமானாற்றில் ஒரு மடத்துக்கு நிலம் விட்ட சாசனம். எங்களிடம் இருந்தவற்றில் மிகப் பழையது. அது இல்லாவிட்டால் எங்கள் பதிப்பை ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதன் முதுகில் சிவப்பு எனாமல் பெயின்றில் '4' என்று இருந்தது. நூதனசாலைகளில் பழம்பொருட்களின் முதுகில் இப்படித்தான் எண் எழுதுவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ முன்னரே திரட்டி எண்ணிட்டிருக்கிறார்கள். அப்படியானால் முதல் மூன்று எங்கே?

"உது வீட்டுக்காரர் எழுதினதாயும் இருக்கலாம். வெறும் குறிப்பெண்டு போடுவம்," என்றாள் தோழி.

"செப்பேட்டிலை ஆர் கிறுக்குவினம்?" என்றேன்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். 'பழைய பட்டியல் எண்' என்ற குறிச்சொல்லையே போடவைத்தேன். அதோடு நின்றேனா? 1, 2, 3 என்று மூன்று வெற்றுப் பதிவுகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் 'காணாமல் போனது' என்று எழுதினேன். அவற்றைத் தேடிக் கோயில் கோயிலாகக் கடிதமும் போட்டேன்.

ரீச்சர் முதலிலேயே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். இணையப் பக்கத்தைத் தான் பார்த்த பிறகுதான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து. பிழை இருந்தால் செப்பேட்டைப் பதிப்பிக்க விடமாட்டார். ஒரு சனிக்கிழமை கணினியோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

குடிக்கப் பிளேன்ரீ வந்தது. ரீச்சர் மடத்துக் காணியின் எல்லைகளை வாசித்து, பக்கத்துக் காணிக்காரரோடு அந்தக் காலத்திலேயே வேலிச் சண்டைதான் என்று சிரித்தார். பிறகு அந்த மூன்று பதிவுகளுக்கு வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆர் அண்ணை உதை எழுதினது?"

"நான்தான் ரீச்சர். இது நாலெண்டபடியால், முதல் மூண்டும்..."

"முதல் மூண்டும் நாங்கள்," என்றார்.

போருக்குப் பயந்து ஊரே ஓடிய இடப்பெயர்வுக்கு முதல்நாள் அவருடைய அம்மா, ஓடும்போது எதை முதலில் பிடிப்பது என்று வரிசை போட்டாராம். மூத்த மகன் ஒன்று, ரீச்சர் இரண்டு, தம்பி மூன்று. நாலிலிருந்துதான் சாமான்; அதில் முதலாவது இந்தச் செப்பேடு. யன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றால் சாமான்களில் எழுதினார். பிள்ளைகளுக்கு அவரவர் எண்ணைப் பாடமாக்கினார். வழியில் சந்திக்குச் சந்தி நின்று எண்ணினாராம்.

"எங்கடை அண்ணை லண்டனிலை. தம்பி வவுனியாவிலை கடை வைச்சிருக்கிறான். நான் உங்களுக்கு முன்னாலை இருக்கிறன். எங்களிலை ஒருத்தரும் காணாமல் போகேல்லை. அம்மா எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்தவ. உப்பிடி எழுதினா நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

போரில் பிடித்துக்கொண்டு போன எத்தனையோ பேர் திரும்பாத எங்கள் ஊரில், 'காணாமல் போனது' என்ற அந்த இரண்டு சொற்களும் எந்த வீட்டில் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியாதா? வெட்கத்தில் குறுகிப்போனேன். அங்கேயே மூன்று பதிவுகளையும் அழித்துவிட்டுத் தோழிக்குப் போன் எடுத்தேன். "நான் சொன்னனான்," என்று இரண்டு தரம் சொன்னாள். 'குடும்பம் இட்ட எண்' என்று ஒரு புதுக் குறிச்சொல் உண்டானது. விளக்கத்தை ரீச்சரே சொல்லச்சொல்ல எழுதினேன்.

அவர் பேனாவை எடுத்தார்.

"அம்மா தனக்கு என்ன நம்பர் போட்டவ?" என்று கேட்டேன்.

"அவ தனக்குப் போடேல்லை. நாங்களும் கேட்டனாங்கள்," என்றபடி கையெழுத்து வைத்தார். "'தூக்கிறவளுக்கு ஏன் நம்பர், பிள்ளை?' எண்டவ."