மத்தியானம் சத்தம் போடாத ஊர்

பிரான்சில் ஒரு சின்னக் கிராமத்தில் நின்றுவிட்டு வந்தேன் என்றால் சிட்னியில் எங்கள் டூங்கபிப் பக்கம் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். கொடுத்து வைத்தவனாம். ஒரு பேக்கரி, ஒரு தேவாலயம், பாதி நாள் பூட்டிக் கிடக்கும் தபால் கந்தோர், ஜன்னல் சீலைக்குப் பின்னால் கண்கள். அவ்வளவுதான் ஊர்.

தங்கச்சியின் புருஷனுக்கு அங்கே கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. ஊரில் ஒரே தமிழ்க் குடும்பம். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்குக்குத் தங்கச்சி என்னைக் கூப்பிட்டிருந்தாள். பாரிஸ் சொந்தங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஊர் மண்டபத்துக்கு மட்டும் மேயர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. மண்டபம் கிடைக்காவிட்டால் மானம் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

போன முதல் ஞாயிறு. வளவில் புல் முழங்கால் உயரம். சிட்னியில் ஞாயிறென்றால் புல் வெட்டிப் பழகியவன், பார்த்துக்கொண்டு இருப்பேனா? மத்தியானம் மெஷினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன். தங்கச்சி குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. என்ன செய்யிறியள்?"

"புல்லு வெட்டுறன். கண் தெரியேல்லையோ?"

"ஞாயிறு மத்தியானம் இஞ்ச ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது. ஊரே சாப்பிடுற நேரம்."

"சாப்பிடுறதுக்கு என்ன அமைதி? செத்தவீடோ?"

"மண்டபம் போச்சு," என்று அவள் புல்லிலேயே குந்திவிட்டாள்.

பின்னேரம் மேயரே வந்தார். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வணக்கம் சொன்னார். பாதி வெட்டிய புல்லைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் பிரெஞ்சில் பேசினார்.

"ஊர்க் கிழடுகளெல்லாம் போன் அடிச்சு முறைப்பாடாம்," என்றாள் தங்கச்சி.

"மண்டபம்?"

"தாறாராம். ஆனா ஊர்மண்டபத்தில கொண்டாட்டம் வச்சிட்டு ஊரைக் கூப்பிடாமல் விடுறது என்ன பழக்கமெண்டு கேக்கிறார். அதுக்குத்தான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தவராம்."

வாய் திறந்து கேட்டிருந்தால் என்ன? அந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள். வேறு வழியில்லாமல் தங்கச்சி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

சடங்கு நாள் வந்தது. அழைப்பிதழில் பத்து மணி. ஊர்ச்சனம் பத்து மணிக்கே கோட்டும் தொப்பியுமாக வந்து கதிரைகளில் இருந்துவிட்டது. பாரிஸ் சொந்தங்கள் வந்துகொண்டிருப்பதாக போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சுபநேரம் முடியப்போகிறது. சடங்குத் தட்டுத் தூக்கச் சொந்தக்காரப் பெண்கள் ஒருத்தரும் இல்லை. தங்கச்சி மேசை நிறையத் தட்டுகளோடு வாசலைப் பார்த்தபடி நின்றாள்.

பேக்கரிக்காரி எழுந்து வந்து பழத்தட்டைத் தூக்கினாள். எப்படிப் பிடிப்பதென்று கேட்கவில்லை, பாண் தட்டைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள். பின்னாலேயே முறைப்பாடு சொன்ன கிழவிகளும் ஆளுக்கொரு தட்டுடன் வரிசையில் வந்தார்கள். சடங்கு நேரத்துக்கு முடிந்தது. பன்னிரண்டு அடித்ததும் ஊர் முழுதும் சாப்பிட உட்கார்ந்தது. சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள்.

பாரிஸ் சொந்தங்கள் இரண்டு மணிக்கு வந்து இறங்கினார்கள்.

"எங்களை விட்டிட்டு வெள்ளைக்காரியளைக் கொண்டோ தட்டுத் தூக்குவிச்சனீ?" என்று பெரியம்மா முறையான ஒருத்தி பாய்ந்தாள்.

"ஓம்," என்றாள் தங்கச்சி. "பருப்புக்கறி கொஞ்சம் மிச்சம் கிடக்கு, சாப்பிடுங்கோ."