ஆலோசகர் தள்ளிவைத்த வடை

எவர்சில்வர் தட்டில் இரண்டு உளுந்து வடைகள் ஆறிக் கிடந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 2010ஆம் ஆண்டு. பாரிசில், ரூ பெர்தொனே என்ற தெருவில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்குச் சனிக்கிழமை தவறாமல் ஒரு போலந்துக்காரர் வருவார். அவர்களுடைய தூதரகத்தில் ஆலோசகர். காரமான தேங்காய்ச் சம்பலில் தோய்த்து, மூக்கில் நீர் வழிய வழிய வடை சாப்பிடுவார். பழகிய வாடிக்கையாளருக்கு ஒன்று கூடுதலாக வைப்பது எங்கள் கடை வழக்கம்.

என் மனைவி அப்போது யாழ்ப்பாணத்தில். அவளைப் பிரான்சுக்கு அழைக்கும் விண்ணப்பம் ஒரு வருடமாக அசையவில்லை. முதலாளி அண்ணைதான் வழி சொன்னார். "அந்தாள் பெரிய உத்தியோகத்தர். தூதரக முத்திரை குத்தி ஒரு கடிதம் தந்தாரெண்டால் உன்ரை அலுவல் முடிஞ்சுது. வெறுங்கையோடை மட்டும் கேளாதை." ஊரில் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கே, வாழைக்குலையோடு போய்ப் பழகிய ஆட்கள் நாங்கள். ஒரு கையில் வடைத்தட்டு, மறு கையில் விண்ணப்பப் பிரதி என்று போய் நின்றேன்.

வாசித்தவரின் முகம் சிவந்துவிட்டது. தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினார். "அரசாங்க முத்திரை என்னுடைய சொத்தல்ல. இந்த விஷயம் முடியும்வரை உங்கள் வடையும் வேண்டாம்" என்றார் பிரெஞ்சில். அவமானம் பிடுங்கித் தின்றது. கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டினேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். வெறும் தேநீர். குடித்துவிட்டு என் விண்ணப்பக் கோப்பைக் கேட்டு வாங்கி, நான் குடியிருந்த வீட்டின் பரப்பளவைக் காட்டும் சான்று அதில் குறைவதைக் கண்டுபிடித்தார். சான்றோடு அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே எழுத, பிழை மட்டும் திருத்தினார். எட்டு மாதம் வெறும் தேநீர்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வடையைப் பார்க்காதவர்போலப் பார்ப்பார், பாவம்.

மனைவி வருவதற்குள் அவரை வார்சாவுக்கு மாற்றிவிட்டார்கள். இயக்குநர், பிறகு அமைச்சின் செயலாளர் என்று ஏறிக்கொண்டே போனார். புதுவருடத்துக்கு அட்டை வரும். ஓர் அட்டையில், மேலிடத்தாரின் உறவினர் ஒருவருக்காக வந்த கோப்பில் கையெழுத்திட மறுத்துப் பதவி விலகியதை ஒற்றை வரியில் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என் வடைக்கே மசியாத மனிதர்!

போன சனிக்கிழமை கடைக்கு வந்தார். தலை முழுக்க வெள்ளை. கடை இப்போது என்னுடையது. கல்லாவில் என் மனைவி. இரண்டு வடை வைத்தேன். பழக்க தோஷம், அவர் கை தட்டைத் தள்ளப் போனது.

"இப்ப உங்களிட்டை ஒரு முத்திரையும் இல்லைத்தானே, சாப்பிடுங்கோ" என்றாள் அவள். நான் பிரெஞ்சில் சொன்னேன். கடை அதிரச் சிரித்தார். இரண்டையும் தின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான அந்தக் கூடுதல் ஒன்றுக்காக வெறும் தட்டை அவளிடம் நீட்டினார்.