ரத்துக்குப் பச்சை

ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம். நகரிப் பக்கத்திலிருந்து திருப்பதிக்குப் போய், மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரு ஓட்டை மின்விசிறியும் இருந்த மாடியறையில் வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். என் முதல் வேலை, மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகும் வழியிலிருந்த ஒரு லாட்ஜுக்கு. அதன் முதலாளிக்குக் கருப்பு ஆகாது, சாம்பல் ஆகாது.

"பக்தருங்க வர்ற எடம்பா. மஞ்சளும் குங்குமமுமா இருக்கணும். ரூம் உறுதி பண்றது மங்களமான காரியம், அந்தப் பட்டனைக் குங்குமக் கலர்ல போடு."

"கேன்சலுக்கு சார்?"

"பச்சை போடு. ரத்து பண்றவன் மனசு நோகக் கூடாதில்ல?"

எனக்கும் பிடித்திருந்தது, அதுதான் வெட்கம். மஞ்சள்மேல் சிவப்பு எழுத்து, பச்சைமேலும் சிவப்பு எழுத்து, திரையில் தகதகத்தது. தகதகப்பதை யாராலும் படிக்க முடியாது என்று தோன்றவேயில்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் 'நன்றி' என்று ஒரே பக்கம் வரும்படி வேறு செய்துவைத்தேன். சோம்பல். இப்போது பெங்களூருவில், முகம் தெரியாதவர்களுக்காக ஒரு நீலத்தை நான்கு நாள் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்; எழுந்து நடக்கிறேன், உட்கார்கிறேன், மறுபடி மாற்றுகிறேன். அன்று இந்தப் பதைப்பில் கால்வாசியாவது இருந்திருக்கலாம்.

ரூம் போட்டோம் என்று வந்து, ரூம் இல்லாமல் கவுன்ட்டரில் சண்டை பிடித்தவர்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டர் தெரியாத ஜனம் என்று நானும் முதலாளியும் சேர்ந்தே சொன்னோம்.

பிறகு அக்கா வந்தாள். மாமாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து அங்கே குடிபோனவள். மகனுக்கு முதல் மொட்டை. மாமாவுக்கு லீவு இல்லை. "எந்தம்பி செஞ்ச வெப்சைட், நானே ரூம் போடறேன்" என்று மாமியாரிடம் பெருமை பேசி, தன் கையாலேயே அழுத்தியிருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் குழந்தையும் மாமியாரும் மூட்டையுமாக வந்து நின்றால், பெயர் இல்லை. லாட்ஜ் நிறைந்திருந்தது. அவர்களைப் பார்க்க நானும் அங்கே போயிருந்தேன்.

"எந்தம்பி எந்தம்பின்னு வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தியே," என்றார் மாமியார். "கொயந்தைய வெயில்ல வச்சிக்கினு நிக்கிறோம். ஒரு ரூம் போடத் தெர்ல, இதுல படிச்சவளாம்."

"சரியாத்தான் அமுக்கினேன் அத்தை." அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், சரியாத்தானே அமுக்கினேன்?"

கவுன்ட்டரில் இருந்த முதலாளியைக் கேட்டு, அவருடைய கம்ப்யூட்டரில் பார்த்தேன். ரத்து. அவளே ரத்து செய்திருக்கிறாள். அதை இப்படியே சொன்னால் அந்த வீட்டில் அவளுக்கு இனி வாய் இருக்காது. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அத்தை, அடுத்த மாசத்துக்கு நீங்களே ஒரு ரூம் போடுங்க பார்ப்போம்," என்றேன். பெயர், தேதி எல்லாம் நானே நிரப்பினேன். பட்டனை மட்டும் அவரிடம் விட்டேன்.

மவுசைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தார். அம்பு திரையெங்கும் ஓடியது, சிவப்பைத் தாண்டியது, நேராகப் பச்சையில் போய் நின்றது. அழுத்தினார். நன்றி வந்தது.

"பாத்தியா? ஆயிடுச்சி. இது ஒரு வேலையா?" மருமகளைத்தான் பார்த்தார்.

"ஏன் அத்தை பச்சை?"

"செவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. ரோட்டுல நடக்கிறவளுக்கு இது தெரியாதா? எழுத்தைப் பார்த்தா கண்ணு கூசுது."

"நீங்க இப்ப ரூமை ரத்து பண்ணிட்டீங்க. அக்காவும் இதையேதான் பண்ணா. தப்பு அவ மேல இல்ல. கலர் போட்டவன் நான்."

அத்தை திரையைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்து, "ஏமய்யா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

அக்கா குழந்தையை மாமியார் மடியில் இறக்கிவைத்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்து நின்றாள்.

"சாவியக் குடுடா. உன் ரூம்ல நாங்க படுத்துக்கறோம். நீ இங்கயே உக்காந்துக்கினு கலரை மாத்து."