பெயர் கூப்பிடாத ஞாயிறு

ஏசுபாதத்தின் வீட்டுக்குப் பின்பக்கச் சுவர் இப்போது இல்லை. சுவர் இருந்த இடத்தில் துணி காயப்போடும் கம்பி ஓடுகிறது. அதற்கு அப்பால் வெற்று நிலம், அதற்கும் அப்பால் தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேடு. காற்று அடிக்கிற மாதங்களில் மேட்டு மண் வந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். அவர் மனைவி ஜாய் அக்கா உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகத் தட்டி மடிப்பார்.

ஸ்கெலட்டன் குடியிருப்பில் எங்கள் வீட்டு வரிசையில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிய கடைசி ஆள் ஏசுபாதம்தான். மீசை சரியாக முளைப்பதற்குள் இறங்கினார். முப்பது வயது தாண்டியதும் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறார். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. நானும் அதே ரயிலில்தான் போகிறேன். அவருக்கு எதிர் சீட்டு. முன்பெல்லாம் அவர் பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கமே சிரிக்கும். இப்போது ஒரு விஷயத்தைத்தான் பேசுகிறார். பங்காருப்பேட்டை வருவதற்குள் எப்படியாவது அந்தப் பேச்சுக்கு வந்து சேர்ந்துவிடுவார்: "ஒரு குரல் குடுத்திருக்கணும்பா."

எங்கள் ஊரில் தரை அதிர்ந்தால் அதற்குப் பெயர் ஏர்பிளாஸ்ட். கீழே தோண்டித் தோண்டி வெறுமையாக்கிய இடத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடிக்கும். மேலே வீட்டில் டம்ளர் உருளும். வெளியூர்க்காரர்கள் தெருவுக்கு ஓடுவார்கள். நாங்கள் டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடுவோம். சுரங்கத்தை மூடி, உள்ளே தண்ணீர் நிரம்பிய பிறகும் எப்போதாவது ஒன்று வரும்.

ஏசுபாதத்தின் அப்பா சைலஸ் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். ஏர்பிளாஸ்டை அவ்வளவு சுலபமாக விடமாட்டார். அதிர்ந்த உடனே போய்க் கதவு நிலைக்குக் கீழே நின்றுகொண்டு வீட்டில் இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் கூப்பிடுவார். கடைக்குட்டியிலிருந்து ஆரம்பிப்பார். ஒவ்வொருவரும் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று சொல்லவேண்டும். பதில் வராத ஆளைக் கண்ணால் பார்க்கிறவரைக்கும் வேறு வேலை கிடையாது. ஒருமுறை ஏசுபாதத்தின் தங்கை கூச்சப்பட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்துவிட, வீடு வீடாகத் தேடிவிட்டு வந்து கத்தினாராம்: "கக்கூசுல கீறேன்னு சொல்றதுக்கு இன்னா வெக்கம்? செத்துப்போயிருந்தாதான் வாய மூடிகினு இருக்கணும்!"

ஜாய் அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் ஓர் ஏர்பிளாஸ்ட். அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாமனார் நிலையில் நின்று, "ஜாய்!" என்றார்.

"இன்னா மாமா?"

"இன்னாவா? கீறேன்னு சொல்லுமா."

"கீறதாலதானே இன்னான்னு கேக்கறேன்?"

சைலஸ் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் "கீறேன்" என்பார்கள், ஜாய் மட்டும் "இன்னா?" என்பார். அதுவே சட்டமாகிவிட்டது.

சைலஸ் போன பிறகு நிலைக்குக் கீழே ஏசுபாதம் நின்றார். ரொம்ப வருஷம் நின்றார். ஒரு கிறிஸ்துமஸுக்கு மகள் எலைனோடு பெங்களூரில் வேலை செய்கிற சிநேகிதிகள் கேக் சாப்பிட வந்திருந்தார்கள். தட்டுகள் லேசாக அதிர்ந்தன. ஏசுபாதம் எழுந்துபோய் நிலையில் நின்று வீட்டாரைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, சோபாவில் இருந்த பெண்ணைப் பார்த்து, "உம்பேரு இன்னாமா? கூப்பிடணும்" என்றார். அந்தப் பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் போன பிறகு எலைன் மெதுவாகத்தான் சொன்னாள்: "டாடி, ப்ளீஸ். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி கீது."

"சரிமா. இனிமே இல்ல."

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் பெயர் கூப்பிடவில்லை.

தண்ணீர் விடுகிற நாள் எங்கள் பக்கத்தில் எப்போது வரும் என்று சொல்லமுடியாது. அதனால் ஏசுபாதம் ஒரு சின்டெக்ஸ் டேங்க் வாங்கினார். அடியிலிருந்து கம்பி விட்டுத் தூண் எழுப்பி அதன்மேல் வைக்கலாம் என்றார் மேஸ்திரி. அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று பின்பக்கத்துப் பழைய மண்சுவரிலேயே பலகையைப் போட்டு டேங்கை ஏற்றினார்கள். அடுத்த மாசம் வந்தது, போனது. குழாய் இணைப்பில் கசிந்த தண்ணீர் சுவரில் பச்சையாகக் கோடு போட்டிருந்தது.

அன்று ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாப்பாடு முடிந்து, ஏசுபாதம் முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எலைன் பெங்களூரில். மேட்டு மண் உள்ளே வராமலிருக்க அந்த வீட்டுப் பின்கதவு எப்போதும் மூடித்தான் இருக்கும். ஜாய் துணி எடுக்கப் பின்னால் போனதை அவர் கவனிக்கவில்லை.

தொம்மென்று ஒரு சத்தம். சுவரில் காலண்டர் ஆடியது.

"ஏர்பிளாஸ்ட்டு பா!" எதிர்வீட்டு ஆட்டோ டிரைவர் முனியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே தெருவுக்கு வந்தார். "எவ்ளோ நாளாச்சு! மைன்ஸு செத்துப்போச்சுன்னு எவன் சொன்னான்? தோ, உள்ள இருந்து கதவத் தட்டுது பாரு."

பக்கத்து வீட்டு வெங்கடம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "உனக்கு சந்தோஷம். என் ஷெல்ஃப்ல கீற பாத்திரம்லாம் கீழ வந்துச்சு. யாரு பொறுக்கறது?"

"மாரிகுப்பத்துல எங்க சின்னம்மாக்கு போன் போட்டேன் அக்கா. அங்ககூட ஆடிச்சாம்!" என்றார் முனியப்பன்.

அந்தச் சின்னம்மா வீட்டில் என்ன ஆடியது என்று பிற்பாடு யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. வரிசை முழுக்கத் தெருவில். நீண்ட நாள் கழித்து ஊருக்கு வந்த சொந்தக்காரரை விசாரிப்பதுபோல ஏர்பிளாஸ்டைப் பற்றிப் பேசினோம். பேச்சு என்றால் ஏசுபாதம் இல்லாமல் எப்படி? அவர் வெளியே வந்தார். சைலஸ் கதையை எடுத்தார்.

"எங்க நைனா இப்படி நிப்பாரு." வாசலில் கால் அகட்டி நின்று காட்டினார். தங்கையின் கக்கூஸ் கதை வந்தது. வெங்கடம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அத்த வுடு. எங்க வூட்டம்மா புதுசா வந்தப்போ இன்னா ஆச்சு தெரியுமா?" இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அப்பாவின் கனத்த குரலில் தெருவே அதிரக் கூப்பிட்டார்: "ஜாய்!"

உடனே குரலை மாற்றிக்கொண்டு, கீச்சென்று, "இன்னா மாமா?" என்றார்.

முனியப்பன் சிரித்துச் சிரித்து ஆட்டோவில் சாய்ந்துகொண்டார்.

வீட்டோரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வெங்கடம்மாதான் பார்த்தார். "இன்னிக்கி தண்ணி வுடற நாளு இல்லியே. யாரு வூட்ல இப்படி வழியுது?"

"மைன்ஸுல ரொம்பிகீற தண்ணிதான். ஏர்பிளாஸ்ட்ல மேல வந்துடுச்சு" என்றார் ஏசுபாதம். அதற்கும் சிரிப்பு.

கூட்டம் கலைந்து உள்ளே போனபோது ஜாய் இல்லை. தையல் மெஷின்மேல் ஜாய் தைத்து வைத்திருந்த லூயிசாவின் பிளவுஸும் இல்லை. அடுத்த வரிசையில் லூயிசா வீட்டில் கொடுக்கப் போயிருப்பாள், பேச்சில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அதை ஜாய் காலையிலேயே சர்ச்சில் கொடுத்திருந்தார். ஏசுபாதம் சாய்ந்தார், கண்ணயர்ந்தார். எழுந்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. முகம் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. டேங்கைப் பார்க்கலாமென்று திட்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தார்.

சுவர் மொத்தமும் ஜாயின் இடுப்புக்குக் கீழே கால்கள்மேல் கிடந்தது. நெஞ்சின்மேல் பலகை. பலகைக்கு மேலே, ஈரச் சேலை.

அவர் போட்ட சத்தத்தில்தான் நாங்கள் ஓடினோம். ஏர்பிளாஸ்ட் என்று நாங்கள் கொண்டாடியது டேங்கோடு இந்தச் சுவர் விழுந்த சத்தத்தைத்தான். முனியப்பன் கடப்பாரையோடு வந்தார். ஆட்டோவில் இங்கே ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் பெங்களூர். உயிர் தங்கியது. வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். கால் நசுங்கியதுகூடப் பெரிதில்லை, அவ்வளவு நேரம் அந்தப் பாரத்துக்கு அடியில் இருந்ததுதான் கெடுத்தது என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஏசுபாதம் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

எலைன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தாள். இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு செல்போன் கடையில் நிற்கிறாள். அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போய், மத்தியானம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அட்டெண்டன்ஸ் என்ற வார்த்தையை அவளும் அப்பாவும் பேச்சில் எடுப்பதில்லை. காலால் மிதித்த தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியாகிவிட்டது.

ரயிலில் ஏசுபாதம் வேறொரு சரித்திரத்தை உண்டாக்குகிறார். "இப்போ பாரு. தொம்முனுச்சு. நான் டி.வி.ய வுட்டுட்டு நிலைக்குக் கீழ போறேன். ஜாய்னு கூப்பிடறேன். சத்தம் இல்ல. சத்தம் இல்லன்னா எங்க நைனா சும்மா இருப்பாரா? பின்னால போறேன். முனியப்பா, ஓடியாடா!" அங்கிருந்து அது வளரும். அந்தச் சரித்திரத்தில் ஜாய் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் நடக்கிறார், பிறகு அதைத் தூக்கிப் போடுகிறார். ஈஸ்டர் விடியலில் சர்ச்சுக்கு நடந்து போகிறார். எலைன் ஞாயிறு சாயங்கால ரயிலில் பெங்களூர் திரும்புகிறாள். அதற்குள் ரயிலில் கூட்டம் ஏறிவிடும், கதை நின்றுவிடும்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்தச் சரித்திரத்திலும் சுவர் விழுகிறது. மேஸ்திரி சொன்ன கம்பியை அவர் ஒருநாளும் போட்டுப் பார்ப்பதில்லை. கம்பி எல்லோரும் மறக்கிற விஷயம்தான். பெயர் கூப்பிடுவது அப்படியா? அது வீட்டில் இருந்தது, கைக்கு எட்டுகிற இடத்தில்.

"அபார்ட்மெண்ட்ல ஃபயர் டிரில்லுன்னு வெப்பாங்க" என்றார் ஒருநாள். "கீழ வந்து நிக்கற ஜனத்த வூட்டு நம்பர் சொல்லி நாந்தான் கூப்பிடணும். அதுக்கு சம்பளம் தராங்க. சொந்த வூட்ல கூப்பிட வெக்கப்பட்டேன்."

போன மாதம் ஒரு காலையில் உண்மையாகவே அதிர்ந்தது. ஏசுபாதத்துக்கு வார லீவு. அன்று அவர் வீட்டு வாசலில்தான் நான் இருந்தேன், அம்மா கொடுத்தனுப்பிய துணியோடு. ஷெல்ஃபில் டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. அவர் எழுந்தார். போய் நிலைக்குக் கீழே நின்றார்.

"எலைன்!"

"கீறேன் டாடி." உள்ளே இருந்து உடனே வந்தது. சீப்பைக் கையில் பிடித்தபடி அவளும் வந்து நின்றாள்.

அடுத்த பெயர் வரவில்லை.  மோட்டார் சத்தம் நின்றது. ஜாய் அக்கா துணியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னாத்துக்கு நின்னுட்ட? அன்னிக்கி தெருவுல நின்னுகினு நல்லாதானே கூப்பிட்ட."

ஏசுபாதம் நிலையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குக் கேட்டுச்சா?"

"மாமா குரலாட்டமே கீதேன்னு நெனச்சேன்." நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "நெஞ்சுமேல பலக. கத்த முடியல. ஆனா கூப்பிட்டதுக்கு பதில் சொன்னேன். அதுக்குள்ள நீயே என்னாட்டம் சொல்லிட்ட. எல்லாரும் சிரிச்சாங்க."

தெருவில் முனியப்பனின் குரல் "ஏர்பிளாஸ்ட்டு பா" என்றது. யாரும் வெளியே போகவில்லை. எலைன் கீழே விழுந்த டம்ளரை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜாய் அக்கா மோட்டாரைப் போட்டார். துணி ஊசிக்கு அடியில் நகர ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஏசுபாதம் கூப்பிட்டார், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு இன்னொரு முறை, சத்தமாக:

"ஜாய்!"

மோட்டார் நின்றது.

"இன்னா?" என்றார் ஜாய் அக்கா. கேட்டுவிட்டு ஏசுபாதத்தின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.