மாலை போட ஒரு மாமன்

சென்ற வாரம் எனக்கு நாற்பது வயது மருமகன் ஒருவன் கிடைத்தான். அவன் தாயை நான் கண்டதே இல்லை. ஒரு கமிட்டி கூடி, தேத்தண்ணி குடித்து, தீர்மானம் போட்டுக் கொடுத்த மருமகன்.

கொஞ்ச நாளாக யாழ்ப்பாணக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஒதுங்கியிருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம் — கமிட்டிக்காரர்களும் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்கள். கோயில் திருநாளுக்கு அங்கே கூத்துப் போடுவார்கள். இந்த முறை டவுனிலிருந்து கலைவிழாக்காரர்கள் வந்தார்கள். "செலவை நாங்கள் பார்க்கிறம். புலம்பெயர்ந்த பின்னணி உள்ள கலைஞர் ஒருவருக்கு முக்கிய வேஷம் குடுக்க வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நல்ல நிபந்தனைதானே? எனக்கு உடனே ராசுவின் நினைவு வந்தது.

ராசு ஐஸ் கொம்பனியில் கட்டி தூக்குகிறவன். இளந்தாரியாக மலைநாட்டு மஸ்கெலியாவிலிருந்து மரக்கறி லொறியில் வந்து இறங்கியவன். குரல் என்றால் அப்படியொரு குரல்! வருடா வருடம் ஒத்திகைக்கு முதல் ஆளாக வருவான். வருடா வருடம் சேவகன் வேஷம்தான் கிடைக்கும். ஈட்டியோடு நிற்க வேண்டும், "ஆகட்டும் அரசே" என்று சொல்ல வேண்டும். முடிந்தது. ஆனால் ராசா வேஷத்துப் பாட்டு முழுவதும் அவனுக்குப் பாடம். ஐஸ் உடைக்கும்போது பாடுவான். ஒரே ஒருமுறை முடி சூட்டி நின்று பாடிவிட வேண்டும் — அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

கமிட்டி கூடியது. தேத்தண்ணி கிடைக்கும் என்பதால் நானும் போயிருந்தேன்.

"வெளியிலையிருந்து வந்த ஆள் எண்டால் எங்கடை கெவின்தான்" என்றார் தலைவர் டொமினிக் மாஸ்ரர்.

கெவின் பரிஸில் பிறந்தவன். விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவனுடைய அப்பப்பா ஒரு காலத்தில் இதே ஊரில் ராசா வேஷம் கட்டியவர். ஊரில் பாதிப்பேர் அவனுக்குச் சொந்தம்.

"அப்ப ராசு?" என்றேன்.

"ராசுவோ? அவன் எங்கடை ஆளெல்லே!"

மூலையிலிருந்த ராசுவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... இந்த ஒரு சொல்லுக்காக இருபது வருடம் காத்திருந்தவன். முந்தின நாள் வரைக்கும் 'மலைநாட்டான்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் நிறையச் சிரித்தான். பிறகுதான் அவனுக்கு விளங்கியது — வெளியாளாக இருப்பதற்கு ஒரு பலன் வந்த அன்றைக்குத்தான் அவனை உள்ளாள் ஆக்கியிருக்கிறார்கள்!

"எங்கடை ஆள் எண்டால் இவ்வளவு காலமும் ராசா வேஷம் ஏன் தரேல்லை?" என்று கேட்டான்.

கூத்துப் பழக்குகிற சூசை அண்ணாவியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தம்பி, ராசா வந்தால் மாலை விழவேணும். உனக்கு ஆர் இருக்கினம் இஞ்சை? வெறுங்கழுத்தோடை ராசா நிண்டால் ஊருக்கு மரியாதையோ?"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே ராசா மேடையேறியதும் கதை நின்றுவிடும். முதலில் மாமன் முறையான ஒருவர் ஏறி மாலை போடுவார். பிறகு சித்தி, சித்தப்பா, மச்சான்மார்... வெடி, சோடா, பரிசு. போன வருடத்து ராசாவுக்கு ஒரு ரைஸ் குக்கர் கிடைத்தது. போர்க்களத்துக்கும் அதோடுதான் போனார்.

ஆக, வெளியாள் என்பதால் ராசுவுக்கு மாலை போட ஆள் இல்லை. உள்ளாள் என்பதால் வேஷமும் இல்லை. எப்படி?

காப்பாற்றியது, கூட்டத்துக்கு வந்திருந்த கெவின்தான். "மாஸ்ரர், எனக்குப் பாட வராது. நான் சவுண்ட் வேலை செய்யிறவன்" என்றான். "பரிஸிலையும் உதே கூத்துத்தான். வெளிநாட்டுப் பின்னணிக் கலைஞர் எண்டு கூப்பிட்டு, வேட்டி கட்டி, மேளத்தைக் கையிலை தருவாங்கள். எனக்கு மேளமும் தெரியாது. ராசு அண்ணை ராசாவாகட்டும். நான் ஈட்டி பிடிக்கிறன்."

டவுனுக்குப் போன் போட்டார்கள். மஸ்கெலியா ஒரே நாட்டுக்குள்தானே, அது புலம்பெயர்வில் சேருமா என்று அங்கே குழப்பம். போனை நான் வாங்கினேன். "கெவின் வந்தது பிளேனிலை, படம் பார்த்துக்கொண்டு. ராசு வந்தது மரக்கறி மூட்டைக்கு மேலை, மழையிலை. உங்கடை கணக்கிலை ஆர் தூரம்?" என்றேன். யோசித்தார்கள். கடைசியில், போஸ்டரில் கெவினின் படம் பெரிதாக இருந்தால் சரி என்று சமாதானமானார்கள்.

"எல்லாம் சரி, மாமன்?" என்றார் அண்ணாவியார்.

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

"நீர் ஒரு இடமும் இல்லாத ஆள்" என்றார் டொமினிக் மாஸ்ரர். "நீர் ஆருக்கும் மாமனாகலாம்."

மறுக்க முடியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நான் வேறு பக்கம் இடம்பெயர்ந்தேன். அன்றிலிருந்து அகப்பட்ட ஊரில் படுத்து, கிடைத்ததைத் தின்கிறவன். எந்தப் பதவிக்கும் இதற்கு முன் யாரும் என்னைத் தெரிவு செய்ததில்லை.

கூத்து, ஞாயிறு பின்னேரம். ராசா வந்தான். நான் ஏறி மாலையைப் போட்டேன். வெடி இல்லை, சோடா இல்லை. ஒற்றை மாலை.

அடுத்து, ஈட்டியோடு கெவின் வந்தான். வந்தானோ இல்லையோ — படபடவென்று வெடி! மாமிமார், சித்திமார், மச்சான்மார் என்று வரிசை. ராசாவுக்கென்று கட்டிய மாலைகளை வீணாக்கலாமா? எல்லாம் சேவகன் கழுத்தில். ஒரு மாமி சுவர் மணிக்கூடு கொடுத்தார். கெவினின் வாய் மாலைக்குள் புதைந்துவிட்டது. அவன் சொல்ல வேண்டிய "ஆகட்டும் அரசே" வெளியே வரவில்லை. மூச்சு முட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினான். வைக்க இடம் தேடினான். பக்கத்தில் நின்ற ஒரே கழுத்து ராசாவுடையது. மாட்டிவிட்டான்.

"எடேய், அது எங்கடை மாலையடா!" என்று கீழேயிருந்து மணிக்கூடு கொடுத்த மாமி.

"போட்ட மாலையைக் கழற்றினால் கோயிலுக்கு ஆகாது. ராசா, பாட்டை எடு!" என்று கத்தினார் அண்ணாவியார்.

ராசு பாட்டை எடுத்தான்.

அதற்குப் பிறகு யாரும் மாலையைப் பற்றிக் கதைக்கவில்லை. பாட்டு முடிந்தபோது அந்த மாமியே மேடையேறி மணிக்கூட்டைக் கெவினிடமிருந்து பறித்து ராசுவிடம் கொடுத்தார். "பிடி மோனை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

சரி, என் பதவிக்காலம் முடிந்தது. மன்னாருக்குப் போக மறுநாள் காலை பையைக் கட்டினேன். வாசலில் ராசுவின் மனைவி, இடுப்பில் கைக்குழந்தை.

"வர்ற ஞாயிறு பிள்ளைக்குக் காது குத்துறோம். மடியில வைக்க ஆள் வேணும்ல. அவருக்கு மாமான்னா பிள்ளைக்கு நீங்க தாத்தா."

டவுன்காரர்கள் ஆளை உள்ளே சேர்த்தது ஒரு பின்னேரத்தோடு முடிந்துவிட்டது. ராசுவின் வீட்டில் அப்படியொரு வழக்கம் இல்லை போலும். மாமனாக மாலை போட்டு முழுதாக ஒரு நாள் ஆகவில்லை, தாத்தாவாகிவிட்டேன்! நான் முழித்ததைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள்.

"தோடெல்லாம் வாங்கியாச்சு. நீங்க மடிய மட்டும் கொண்டு வந்தாப் போதும்."

பையை அவிழ்த்துவிட்டேன்.